ஸ்டென்சில் தாளில் ஒரு நட்சத்திரம்: ரசிகர் மடல்கள் பற்றிச் சில குறிப்புகள்

ரசிகர் என்றதும் நம் அறிவுஜீவிகளிடம் இரண்டே எதிர்வினைகள்தான். ஒன்று முகச்சுளிப்பு: மூளை மழுங்கிய கூட்டம், ஏமாளிகள். அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் முன்வைத்த 'கலாச்சாரத் தொழில்' என்ற கருத்தாக்கம் இதற்குத் தோதாகக் கையில் கிடைத்துவிடுகிறது. மற்றது கொண்டாட்டம்: ரசிகர்தான் கலகக்காரர், அவர் பிரதிக்குள் புகுந்து வேட்டையாடுகிறவர். மிஷல் து செர்த்தோவின் உருவகத்தை எடுத்துக்கொண்டு ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் எழுதிய நூலுக்குப் பிறகு இது ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டது. இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்புகள் என்பது என் கட்சி. ரசிகர்கள் தங்கள் கையால் அடித்து, ஒட்டி, தபாலில் போட்ட தாள்களை வைத்துப் பேசினால் விஷயம் வேறு மாதிரி தெரியும்.

1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'ஸ்டார் ட்ரெக்' தொடங்கியது. நாயகன் கப்பல் தலைவன் கிர்க், அதாவது வில்லியம் ஷாட்னர். ஆனால் கடிதங்கள் குவிந்தது இரண்டாம் இடத்திலிருந்த ஸ்பாக்குக்கு. கூரிய காது, பாதி மனிதன், பாதி வேற்றுக்கிரகவாசி, உணர்ச்சியை அடக்கிக்கொள்பவன். நடித்த லியோனார்ட் நிமோய்க்கு அப்போது வயது 35. 1950களின் தொடக்கத்திலிருந்து துண்டு வேஷங்கள் கட்டியவர், இடையில் டாக்ஸி ஓட்டியும் பிழைத்தவர். தொடர் ஓடிய மூன்று பருவங்களுக்கும் எம்மி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1967இலேயே ஸ்பாக்கின் பெயரில் அவருடைய இசைத்தட்டும் கடைக்கு வந்துவிட்டது.

இந்த மாதிரி எழுச்சியோடு கூடவே வளர்வது ரசிகர் சங்க மடல். அதன் இலக்கணம் எளிது. நடிகர் அடுத்து எங்கே வருகிறார், எந்த விலாசத்துக்கு எழுதலாம், என்ன படம் கிடைக்கும், பிறந்தநாள் என்றைக்கு. பழைய துண்டு வேஷங்களெல்லாம் இன்றைய புகழுக்கான படிக்கட்டுகளாக மறுவரிசைப்படும். தோல்வி என்று எதுவும் கிடையாது, எல்லாமே 'முன்னோட்டம்'. 'அவர் உயர்ந்தார்' என்பது மெல்ல மெல்ல 'நாம் உயர்த்தினோம்' என்றாகிவிடும். இந்தத் தன்மை-பன்மைக்குள்தான் மடலின் அரசியல் ஒளிந்திருக்கிறது. வேலை ரசிகருடையது, பெயர் நடிகருடையது, லாபம் நிறுவனத்தினுடையது.

1967 செப்டம்பரில் நியூயார்க்கில் இன்னொரு வகைத் தாள் வந்தது: 'ஸ்பாக்கனேலியா'. டெவ்ரா லாங்சமும் ஷெர்னா காமர்போர்டும் நடத்தியது. சுமார் 90 பக்கம், உருட்டச்சில் எடுத்தது. முதல் இதழில் நிமோயின் வாழ்த்துக் கடிதமும் உண்டு. ஆனால் தலைப்பைப் பாருங்கள், அதில் இருப்பது நடிகர் பெயர் இல்லை, பாத்திரத்தின் பெயர். இதைச் சும்மா விட்டுவிட முடியாது. நடிகருக்கு ஒப்பந்தம் உண்டு, முகவர் உண்டு. அவரைப் பின்தொடர்கிறவர் அவர் காட்டுகிற முகத்தைத்தான் பார்க்கலாம். பாத்திரமோ சட்டப்படி நிறுவனத்தின் சொத்து என்றாலும், வாசிப்பில் யாருக்கும் சொந்தமில்லாதது. அதை வைத்து மேலே எழுதலாம். எழுதினார்கள், பெரும்பாலும் பெண்களே எழுதினார்கள். தட்டச்சு, ஸ்டென்சில் வெட்டுவது, பக்கம் அடுக்குவது, சந்தாக் கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பில். 1974இல் வேறொரு ரசிகர் இதழில் கிர்க்கையும் ஸ்பாக்கையும் காதலர்களாக்கிய கதை அச்சாயிற்று. எந்தத் தொலைக்காட்சியும் அன்று தொட்டிருக்காத விஷயம். அதற்கு முந்தைய ஆண்டே, எல்லாரும் மயங்கும் சகலகலாவல்லியாகத் தன்னையே கதைக்குள் நுழைத்துக்கொள்ளும் எழுத்தைக் கிண்டல் செய்து பாலா ஸ்மித் 'மேரி சூ'வைப் படைத்தார். ஆக, இந்தக் கூட்டத்துக்கு விமர்சனத்தை வெளியிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, அப்படியானால் கலகம்தானே என்றால், அங்கேயும் நிறுத்திப் பார்க்க வேண்டும். தொடர் நிறுத்தப்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது பிஜோ ட்ரிம்பிளும் அவர் கணவர் ஜானும் 1967-68இல் கடித இயக்கம் நடத்தினார்கள். என்.பி.சி.யின் கணக்குப்படியே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள். 1968 மார்ச்சில் 'தொடர் நீடிக்கும், இனி எழுதாதீர்கள்' என்ற பொருளில் திரையிலேயே அறிவித்தார்கள். வெற்றிதான். ஆனால் கிடைத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம். 1969இல் கதை முடிந்தது. பிறகு மறுஒளிபரப்பிலும் 1979 முதலான திரைப்படங்களிலும் காசு பார்த்தவர்கள் ஸ்டென்சில் வெட்டியவர்கள் அல்ல. 2016இல் நிறுவனங்கள் ரசிகர் படங்களுக்கு விதி போட்டன: ஒரு கதை 15 நிமிடம், மிஞ்சினால் இரண்டு பகுதியாக 30 நிமிடம். வேட்டைக்காடு யாருடையது என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

இன்னும் ஒரு கடிதம். 1968இல், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் பிறந்த ஒரு சிறுமி, இரு தரப்பும் தன்னை ஏற்கவில்லை என்று ஒரு பதின்வயதினர் பத்திரிகை வழியாக எழுதினாள், நிமோய்க்கு அல்ல, ஸ்பாக்குக்கு. கலப்பு மணத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்சநீதிமன்றம் செல்லாதென்று சொல்லி ஓராண்டுகூட ஆகியிருக்குமோ என்னவோ. நிமோய் விரிவாகவே பதில் எழுதினார்: ஸ்பாக்கும் இரு பக்கமும் ஒதுக்கப்பட்டவன்தான், பிறர் அங்கீகாரத்துக்குப் பதில் தன் மதிப்பைத் தானே உணரக் கற்றான் என்பதாக. கனிவான பதில்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பதிலில் நிறவெறி என்பது சிறுமி தன் மனத்தால் தாண்ட வேண்டிய மேடாகிவிடுகிறது. அதை எழுப்பியவர்கள் யாரென்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. நட்சத்திரப் பிரதியின் எல்லை அது. அதேசமயம் அந்தச் சிறுமி ஒரு பச்சை ரத்தக்காரனின் கதையில் தன் நிலையை இனம்கண்டாளே, அது எந்தத் தொழிற்சாலையும் தயாரித்துக் கொடுத்த அர்த்தம் இல்லை.

நிமோய் 1975இல் 'நான் ஸ்பாக் அல்ல' என்று ஒரு நூலும், 1995இல் 'நான் ஸ்பாக்' என்று இன்னொரு நூலும் எழுதினார். 2015இல் இறந்தார். நடிகரே இருபது ஆண்டுகள் தன் பாத்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது என்றால், அந்தப் பாத்திரத்தில் தங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று உருட்டச்சை வைத்துக்கொண்டு நின்ற பெண்களை 'ஏமாளிகள்' என்று எப்படி ஒதுக்குவது?

கைக்காசைப் போட்டு, நஷ்டத்துக்கு இதழ் நடத்தி, முந்நூறு பேருக்குத் தபாலில் அனுப்புகிற நமக்கு அந்தத் தாள்கள் அந்நியமாகத் தெரியவே கூடாது. யார் எழுதினார்கள், யார் செலவழித்தார்கள், யார் சம்பாதித்தார்கள், எந்தக் கேள்வி அச்சேறாமல் நின்றது என்பதைத்தான் ரசிகர் மடலிடம் கேட்க வேண்டும். இதே கேள்விகளை நம் இதழ்களிடமும் கேட்கலாம், தப்பில்லை.