ரேணுகை கதையில் மனக்குறையும் வன்முறையும்

சந்தவாசலை அடுத்த படைவீட்டில் ரேணுகாம்பாள் கோயில் உள்ளது. சமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகையே இங்கு அம்மனாக வழிபடப்படுகிறார். இவரது கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் இடம்பெற்றுள்ளது.

நீராடச் சென்ற ரேணுகை, அங்கு நீர்விளையாடிய சித்திரரதன் என்ற அரசனைக் கண்டு ஒரு கணம் மனம் தடுமாறினாள். அதை அறிந்த முனிவர், அவளைக் கொல்லுமாறு மகன்களிடம் கூறினார். நால்வர் அசையாது நின்று சாபம் பெற்றனர். பரசுராமர் தாயை வெட்டினார்.

தவறான செயல் எதுவும் இங்கு நிகழவில்லை. தன் மதிப்பு குறைந்துவிட்டது என்ற கணவரின் மனக்குறையே கொலைக்குக் காரணம். பின்னர் பரசுராமர் கேட்ட வரங்கள் இரண்டு முக்கியமானவை: தாய் உயிர்பெற வேண்டும், கொலையின் நினைவு அழிய வேண்டும். இவ்வாறு கணவரின் குறை கதையை நடத்துகிறது. வெட்டுண்டவளின் குறையோ பேசப்படாமலே மறைகிறது.

குடும்ப வன்முறை பற்றிய பேச்சிலும் இதே வழக்கம் உண்டு. அடித்தவருக்கு என்ன கோபம் என்றே முதலில் கேட்கிறோம். காரணம் மெல்ல நியாயமாகிவிடுகிறது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இதை மாற்றி, வன்முறைக்கு ஆளான பெண்ணையே குறையுற்றவராக வரையறுக்கிறது. கதையையும் அவள் பக்கம் நின்று படிப்பதே முறை.