தலைவிதியும் தேவை விதியும்

"எல்லாம் தலைவிதி!" என்று சொல்லிச் சொல்லியே உழைப்பவனை உறங்கவைத்தது ஒரு காலம். நாம் விளைவித்த நெல் பிறர் வீட்டுப் பத்தாயத்துக்குப் போவானேன் என்று கேட்டவனுக்கு, முற்பிறப்பைக் காட்டினர். நெற்றியில் எழுதிய எழுத்தைக் காட்டினர். கேட்டவன் வாய் மூடினான். நெல் பத்தாயத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது.

அந்த மூடநம்பிக்கையை முச்சந்திதோறும் மேடை போட்டு முறியடித்த நாட்டில், இன்று பள்ளிக்கூடத்தின் வழியே வேறு சில விதிகள் வருகின்றன. தேவை விதி, அளிப்பு விதி, குறைந்து செல் விளைவு விதி என்பன அவற்றின் பெயர்கள். முன்னது புராணத்தில் பிறந்தது. பின்னவை ஆராய்ச்சியில் பிறந்தவை. வேற்றுமை பெரிதுதான். ஆயினும், ஆராய்ச்சியில் பிறந்ததை ஆராயாமல் மனப்பாடம் செய்யவைத்தால், அதுவும் புராணமாகிவிடாதோ? இதுவே நம் ஐயம்.

நாம் குடந்தைக்கு அருகே ஒரு பள்ளியில் மேனிலை வகுப்புக்குப் பொருளியல் கற்பிக்கிறோம். காவிரிக்கும் அரசலாற்றுக்கும் இடைப்பட்ட ஊர் குடந்தை. 1854இல் தொடங்கிய கல்லூரியால் தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று புகழப்பட்ட ஊர். கணித மேதை இராமானுசன் பள்ளிப்படிப்புப் படித்த ஊர். புகழ் இருக்கட்டும். நம் வகுப்பில் வந்து அமர்பவர் யார்? நடவுக்குப் போகும் தாயின் மகள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை சுமப்பவரின் மகன். திருபுவனத்துத் தறியில் பட்டு நெய்பவரின் பிள்ளை. நாச்சியார்கோவில் பட்டறையில் விளக்கு வார்ப்பவரின் பிள்ளை. மதிப்பெண் மிகுந்தவரை அறிவியல் பிரிவு அழைத்துக்கொள்கிறது. எஞ்சியவரைப் பார்த்து, "தேர்டு குரூப்பா?" என்று உதட்டைப் பிதுக்குகிறது ஊர். உதடு பிதுக்கப்பட்ட அந்தப் பிள்ளைகளே உழைப்பின் பொருளியலை உடலால் அறிந்தவர்கள் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

2018ஆம் ஆண்டில் வந்த புதிய பாடநூலைக் குறைகூறியே தீருவது என்று நாம் புறப்படவில்லை. முன்னைய நூலினும் இது எத்தனையோ படி மேல். வள்ளுவரும் அம்பேத்கரும் பொருளியல் சிந்தனையாளர் வரிசையில் இடம் பெற்றிருக்கின்றனர். ஊரகப் பொருளியலுக்கு ஓர் அத்தியாயம், தமிழ்நாட்டுப் பொருளாதாரத்துக்கு ஓர் அத்தியாயம். வரவேற்கிறோம். ஆனால் அவை எங்கே இருக்கின்றன? பன்னிரண்டு அத்தியாயங்களுள் பத்தாவதும் பதினோராவதுமாக! ஆண்டின் முற்பகுதி முழுவதும் பயன்பாடும் வளைகோடும் விழுங்கிவிட, தேர்வு வாசற்படியில் வந்து நிற்கும்போதுதான் கிராமம் வகுப்புக்குள் நுழைகிறது. அப்போது ஆசிரியர் சொல்வதென்ன? "முக்கிய வினாக்களைக் குறித்துக்கொள்ளுங்கள்." முடிந்தது ஊரகப் பொருளியல்! வறுமையைக் கண்டு வாடுகிறாள் தாய். வரைபடத்தைக் கண்டு வாடுகிறாள் மகள். இரண்டுக்கும் உறவு உண்டென்று சொல்வாரில்லை.

ஒருநாள் கூலி பற்றிய பாடம். இறுதிநிலை உற்பத்தித்திறன் கோட்பாட்டை விளக்கினோம். கடைசியாகச் சேர்க்கப்படும் உழைப்பாளி எவ்வளவு விளைவைக் கூட்டுகிறாரோ, அவ்வளவே கூலியாக அமையும் என்று கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினோம். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"ஐயா, எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வயலுக்குத்தான் போகிறார்கள். அப்பா நாற்றுக்கட்டைச் சுமக்கிறார், அம்மா நடுகிறார். நடாவிட்டால் விளைவே இல்லை. அம்மாவுக்கு மட்டும் கூலி ஏன் குறைவு?"

வகுப்பு அமைதியாயிற்று. கோடு நம்மைப் பார்த்தது. நாம் கோட்டைப் பார்த்தோம். "அது தேர்வுக்கு வராது, உட்கார் அம்மா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. முற்பிறப்பைக் காட்டி வாயடைத்தவனுக்கும், வினாத்தாளைக் காட்டி வாயடைத்த நமக்கும் என்ன வேற்றுமை? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976இல் சட்டமே வந்தது. சட்டம் வந்தபின்னும் வயலுக்கு வராதது ஏன் என்பதன்றோ பாடம்!

மறுநாள் வகுப்பில் நாமே அந்தக் கேள்வியை மீண்டும் எடுத்தோம். விடை தேடித் தஞ்சைத் தரணியின் வரலாற்றுக்குள் போனோம்.

நில உடைமையாளர் பெறுவதற்குப் பாடநூல் தரும் பெயர் வாரம். நம் உழவரும் அதே சொல்லைத்தான் சொல்கின்றனர்: மேல்வாரம், குடிவாரம். ஆங்கிலப் பொருளியலறிஞர் ரிக்கார்டோ, நிலத்தின் இயற்கை வளத்தில் உள்ள வேறுபாட்டால் வாரம் பிறக்கிறது என்றார். 1817இல் நூலாக எழுதினார். நல்ல மண்ணுக்குக் கூடுதல் வாரம்; இது சரியே. ஆனால் இதைக் கேளுங்கள். தஞ்சைக் குத்தகைதாரருக்கு விளைவில் ஐந்தில் இரு பங்கு உண்டு என்றது 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். 1956இல் வந்த நியாய வாரச் சட்டமோ, நன்செய் நிலத்தில் உடைமையாளர் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கேட்கலாகாது என்றது. அதாவது உழுபவனுக்கு ஐந்தில் மூன்று! நான்கே ஆண்டில் மண் மாறியதா? காவிரி வண்டல் கூடியதா? மண் மாறவில்லை, சட்டம் மாறியது. சட்டம் தானாக மாறவில்லை. 1943இல் தஞ்சைக்கு வந்த சீனிவாசராவ் போன்றோர் கட்டிய சங்கங்கள், சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் அஞ்சாமல் நிமிர்ந்த பண்ணையாட்களின் போராட்டம், இவை சட்டத்தை மாற்றின.

கூலியின் கதையும் இதுவே. அறுவடைக் கூலியாக இன்னும் சிறிது நெல் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்தன. மறு ஆண்டு, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் கூலி அமைகிறதென்றால், அந்தப் புள்ளியில் படிந்த சாம்பலையும் சேர்த்துக் காட்டவேண்டாமா?

அப்படியானால் விதிகள் எல்லாம் பொய்யா? அல்ல. ஒரே நேரத்தில் ஊரெல்லாம் அறுத்தால் நெல் விலை சரியும். இதை அறிய எந்த உழவனுக்கும் பாடநூல் வேண்டியதில்லை. அந்தச் சரிவைத் தடுக்கவே கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2025–26 பருவத்துக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2369 ரூபாய் என நடுவணரசு விலை குறித்ததும் அதற்காகவே. விதி உண்டு, விதியை மதியால் மறிக்கும் வழியும் உண்டு. முதலதை மட்டும் கற்பித்து இரண்டாவதை விட்டுவிடுவதே நாம் கண்டிக்கும் குறை.

ஒவ்வொரு விதிக்கும் முன்னால் பாடநூல் ஒரு சொற்றொடரை வைக்கிறது: "மற்றவை மாறாதிருக்க." மாணவர் அதைத் தாண்டிக் குதித்து விதியை நெட்டுருப் போடுகின்றனர். தோழர்களே, அங்கேதான் நிற்கவேண்டும். எவை அந்த மற்றவை? நிலம் எவரிடம், நீர் எவர் மடையில், எந்தச் சாதி எந்தத் தெருவில், பெண்ணின் உழைப்புக்கு என்ன மதிப்பு, இவைதாமே! அவை மாறாதிருக்கவேண்டும் என்றே மிராசுதாரர்களும் விரும்பினர். அறிஞன் ஆராய்ச்சிக்காக ஒரு நொடி நிறுத்திவைத்ததை, ஆதிக்கக்காரன் என்றென்றும் நிறுத்திவைக்கப் பார்க்கிறான். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே ஆசிரியன் கடமை.

எப்படிக் காட்டுவது? வழி புதிதன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுத்து வரச் சொன்னார். நிலம் எவ்வளவு, உடையவர் யார், கூலி என்ன, கடன் என்ன, எல்லாம் எழுதினர். 1918இல் அது நூலாயிற்று. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும் பாலக்குறிச்சி அதில் ஓர் ஊர். 1936–37இல் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். கடல் கடந்து வந்தவர் நம் ஊரைப் பார்க்கச் சொன்னார். உள்ளூர்ப் பள்ளியோ ஊருக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறது!

எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10 என்பது இன்றைய முறை. அந்தப் பத்தையாவது ஊருக்குத் தரலாகாதா? ஒவ்வொரு மாணவரும் பத்து வீடுகள். ஒரு மா நடவுக்கு ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு? நிலம் சொந்தமா, குத்தகையா? கோயில் நிலமா, மடத்து நிலமா? கடன் கந்துவட்டிக்காரரிடமா, கூட்டுறவுச் சங்கத்திலா? இக்கணக்கை எழுதியபின் வளைகோட்டை வரையட்டும், கோடு பேசும்.

"அரசியலை வகுப்புக்குள் கொண்டுவருகிறீர்" என்பார் சிலர். கணக்கெடுப்பது அரசியல் என்றால், கணக்கை மறைப்பது எது என்று கேட்கிறோம்.

நம் வகுப்பில் இவ்வாண்டு தொடங்கிவிட்டோம். பின்வரிசை மாணவி தன் தெருவின் கூலிக் கணக்கை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தாள். அதன் முதற்பக்கத்தில் ஆண் கூலி, பெண் கூலி என இரு வரிசை. கீழே, "இது ஏன்?" என்று ஒரு கேள்வி. அக்கேள்விக்குப் பாடநூலில் இடமில்லை. படிப்பகங்களில் கூடும் இளைஞர்களே, உங்கள் ஊரிலும் அந்தக் குறிப்பேட்டைத் திறவுங்கள். தலைவிதியைக் கேள்வி கேட்டே விரட்டினோம். தேவை விதியையும் கேள்வி கேட்டே கற்போம்.