மாடல் கார்டு: படிவம் சரி, நிரப்புவது யார்?

மார்கரெட் மிட்செல், டிம்னிட் கெப்ரு உள்ளிட்டோர் 2019-ல் எழுதிய 'மாடல் கார்டு' கட்டுரையை இந்த வாரம் மறுபடி வாசித்தேன். யோசனை எளிதுதான். ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலை வெளியிடுகிறவர் கூடவே ஒன்றிரண்டு பக்கக் குறிப்பும் கொடுக்கணும்: எதற்காகச் செய்தது, எதற்குப் பயன்படுத்தக் கூடாது, எந்தத் தரவில் சோதித்தார்கள், எங்கே சறுக்கும். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம் மாதிரின்னு வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் ஒன்பது பகுதிகள். அதில் உயிர்நாடி என்று எனக்குப் படுவது ஒன்று: மதிப்பெண்ணை மொத்தமாகச் சொல்லாமல் ஆட்களின் வகைவாரியாகப் பிரித்துச் சொல்வது. அதன் அருமை 2018-ல் வந்த 'ஜெண்டர் ஷேட்ஸ்' ஆய்வைப் பார்த்தால் புரியும். ஜாய் புலம்வினியும் இதே கெப்ருவும் ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் 1270 பேரின் படங்களைத் திரட்டி, முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். ஐபிஎம்முடையது மொத்தத்தில் 87.9% சரி. பரவாயில்லையேன்னு தோணும். பிரித்துப் பார்த்தால், வெளிர்நிற ஆண்களிடம் பிழை 0.3%, கருநிறப் பெண்களிடம் 34.7%. மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பு!

ஆனால் இதைக் கண்டுபிடித்தது மென்பொருளை விற்றவர்கள் இல்லை, வெளியாட்கள். மாடல் கார்டையோ செய்தவரே நிரப்புகிறார். எந்த வகையில் பிரிப்பது என்பதும் அவர் முடிவு. எழுதுகிறவரின் நேர்மையைப் பொறுத்ததுதான் கார்டின் மதிப்பு என்று கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. வெளித் தணிக்கையும் வேண்டும் என்கிறது, போகிற போக்கில். கட்டுரையின் பாதியை அதற்குக் கொடுத்திருக்கணும் என்பதுதான் என் குறை. இன்று ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் போய்ப் பாருங்கள்: பல கார்டுகளில் 'கூடுதல் தகவல் தேவை' என்ற அச்சுவரி தலைப்புக்குத் தலைப்பு அப்படியே கிடக்கிறது. படிவம் இருக்கு, பதில் இல்லை.

அதனால் கட்டங்களை நாமே போட்டுக்கொள்வது உத்தமம். பேச்சை எழுத்தாக்கும் கருவி ஒன்றின் குறிப்பில் 'தமிழ்' என்று ஒரே வரி, ஒரே எண். எந்தத் தமிழ்? செய்தி வாசிப்பு, யாழ்ப்பாண நண்பரின் பேச்சு, எங்கள் திருநெல்வேலிப் பாட்டியின் பேச்சு என்று மூன்றாக உடைத்துக் கொடுத்துப் பார்த்தேன். செய்தியில் பிழை தேடத்தான் வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத் தமிழில் வினைச்சொற்கள் பாதி போச்சு. வாரியலை எடுத்துட்டு வான்னு பாட்டி சொன்னது 'வாரியத்தை எடுத்துவிட்டு வா' என்று வந்தது.