பொருளதிகாரம்: பழைய பதிப்பும் புதிய பதிப்பும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தைக் கற்கப் புகும் மாணாக்கன் நூலினுள் நுழையுமுன்னரே ஒரு வினாவுக்கு விடை காணல் வேண்டும். எப்பதிப்பைக் கையிற் கொள்வது? யாழ்ப்பாணத்தார்க்கு இது வீட்டுக்குள் எழுந்த வினா எனலாம். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1885ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பு ஒருபுறம். புன்னாலைக்கட்டுவன் தந்த சி. கணேசையர் எழுதிய உரைவிளக்கக் குறிப்புகளோடு, 'ஈழகேசரி' நா. பொன்னையா 1943ஆம் ஆண்டிலும் 1948ஆம் ஆண்டிலும் இரு பகுதிகளாக வெளியிட்ட பதிப்பு மறுபுறம். இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு, ஊரளவிற் சில கல்; காலத்தளவில் அறுபதாண்டு.

பிந்தியது திருத்தமானது, ஆதலின் முந்தியது வேண்டற்பாலதன்று என்பார் ஒரு சாரார். முதற்பதிப்பிற்குள்ள பெருமை பிறிதொன்றற்கும் இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் பதிப்பு என்பதனைப் புத்தகத்தின் வயது கொண்டு அளக்கின்றனரேயன்றி, அது செய்த தொழில் கொண்டு அளந்தாரல்லர்.

தாமோதரம்பிள்ளை செய்த தொழில் யாது? எழுத்ததிகாரம் 1847இலேயே மழவை மகாலிங்கையரால் அச்சேறியது. சொல்லதிகாரச் சேனாவரையம் ஆறுமுக நாவலர் பரிசோதிக்க, தாமோதரம்பிள்ளை முயற்சியால் 1868இல் வெளிவந்தது. பொருளதிகாரமோ ஏட்டிலேயே கிடந்தது. நாவலர் 1879இல் மறைந்தபின் அப்பெருஞ்சுமை தாமோதரம்பிள்ளையின் தோளில் விழுந்தது. கிடைத்த பிரதிகள் சிதைந்தவை, தொடுந்தோறும் நொறுங்குபவை. இன்னுஞ் சில ஆண்டு தாழ்ப்பின் ஒப்பிடுதற்குப் பிரதியே இராது என்ற அச்சத்தோடு அவர் அதனை அச்சேற்றினார். அவ்விரைவைக் குறையெனக் கூறுதல் எளிது. தீப்பற்றிய வீட்டிலிருந்து பெட்டியை வெளிக்கொணர்ந்தவனிடம், உள்ளிருந்த பொருள்களை ஏன் அடுக்கிவைத்திலை என வினவுதல் முறையாகாது.

எனினும் குறை குறையே. ஒன்பது இயல்களுக்கும் உரை நச்சினார்க்கினியருடையது எனக் கொண்டே அப்பதிப்பு வெளிவந்தது. மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் என்னும் பின்னான்கியலுக்கு அதில் அச்சிடப்பெற்ற உரை பேராசிரியருடையது என்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துச் 'செந்தமிழ்' இதழ்வழியே அறிஞருலகிற்குப் புலனாயிற்று. இது பெயர் மாறாட்டம் மாத்திரமன்று. பேராசிரியர் நச்சினார்க்கினியருக்குக் காலத்தால் முற்பட்டவர். ஒருவர் கொள்கையை மற்றவர் தலையில் ஏற்றினால், உரையாசிரியர் ஒருவரையொருவர் தழுவியும் மறுத்தும் சென்ற வரலாறே மயங்கிப்போகும். மெய்ப்பாடு பற்றிக் கட்டுரை வரையும் மாணாக்கன் 1885ஆம் ஆண்டுப் பதிப்பொன்றையே நம்பி, 'நச்சினார்க்கினியர் கூறுவர்' என எழுதுவானாயின், அவன் தவறு அவனதன்று. பதிப்பைத் தெரிந்து கொடாத ஆசிரியரது.

ஆயின் இத்தவறு வெளிப்பட்டது எங்ஙனம் என்பதையும் நோக்குதல் வேண்டும். ஏடுகள் வெவ்வேறு வீடுகளிற் கிடந்தவரையில் ஓர் உரையை மற்றோர் உரையோடு ஒப்புநோக்குதல் மிகச் சிலர்க்கே கூடுவதாயிற்று. அச்சுப் புத்தகம் பலர் கையை அடைந்தபின்னரே ஐயமும் பலர்க்குத் தோன்றியது. பிழையைத் திருத்துதற்குரிய வாயிலைப் பிழையுடைய அப்பதிப்பே திறந்துவிட்டது.

இனிக் கணேசையர் பதிப்பு. பின்னான்கியலைப் பேராசிரியம் என்றே உரியவர் பெயரால் 1943இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், முதலில் வெளியிட்டனர். முன்னைந்தியல் நச்சினார்க்கினியத்தோடு 1948இல் வந்தது. அதற்கு முன்னரே எழுத்ததிகாரம் 1937இலும் சொல்லதிகாரம் 1938இலும் வெளிவந்துவிட்டன. உரையிற் பொருள் மயங்கும் இடத்துக் கணேசையர் குறிப்பெழுதி விளக்குவர். உரையாசிரியர் கருத்துப் பொருந்தாதென்று கண்டவிடத்து அதனை மறைத்துச் செல்லார். ஆசிரியர் அருகிலிருந்து பாடஞ் சொல்வது போன்ற இத்துணை பழைய பதிப்பில் இல்லை. கற்கத் தொடங்குவோன் கையிற் கொடுக்க வேண்டியது இதுவே என்பதில் ஐயமில்லை. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு: குறிப்பு தெளிவாயிருப்பதால் மாணாக்கன் குறிப்பைப் படித்து உரையை விட்டுவிடுதல் கூடும். அத்தீங்கு பழைய பதிப்பைப் படிப்பவனுக்கு நேராது. அவனுக்கு உரையை விட்டால் வேறு பற்றுக்கோடில்லை.

விதிநூலின் பதிப்புப் பற்றிய வழக்கு இலக்கணத்திற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1974இல் தோன்றிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டின் விதிநூல் பன்முறை புதுக்கப்பெற்று, 2024இலும் திருத்தம் பெற்றது. ஆடுவோர் பழைய விதியா, புதிய விதியா என இன்றும் வழக்கிடுகின்றனர். அங்கே பதிப்பு மாறின் விதியே மாறும். ஆதலின் ஒன்றைக் கொண்டு மற்றதை விடுதல் அவர்க்கு இயலும். பொருளதிகாரத்திலோ பாடபேதமுள்ள சில இடங்கள் ஒழியச் சூத்திரம் மாறவில்லை. உரைக்குரியார் இன்னார் என்பதும், அவ்வுரையை நாம் அறிந்துகொண்ட வழியும் மாறின. அவ்வழியை அறிய விழைவோன் தொடக்கத்தை விட்டுவிட இயலாது.

இத்தொடக்கம் எளிதிற் கிட்டாமையே இன்றைய இடர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பழம்பதிப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்புநோக்கும் வாய்ப்பு இந்நாட்டு மாணாக்கர்க்கு அதன்பின் மிகச் சுருங்கியது. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகள் 'தாமோதரம்' என்னும் பெயரில் 1971இல் தொகுக்கப்பெற்றமை ஓரளவு ஆறுதல். நூலினின்று பிரிந்த முன்னுரை முழுமையுடையதன்று; எனினும் ஏடு தேடியவர் பட்ட பாட்டை அவர் வாய்மொழியாகவே அறிய அது போதும்.

ஆதலின் வகுப்பறையிற் கணேசையர் பதிப்பு மேசைமேல் இருக்கட்டும். பின்னான்கியலுக்குள் மாணாக்கர் புகும் நாளன்று ஆசிரியர் 1885ஆம் ஆண்டுப் பதிப்புரையையும் உடன் கொணர்ந்து, 'இவ்வுரை யாருடையது?' என்னும் வினாவை முதற் பாடமாக வைப்பாராக. விடையை முற்படக் கூறிவிடாதிருத்தல் நன்று.