குடும்பத் திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடங்கள்: மாணவர் ஆக்கங்களும் அவற்றின் மீள்நோக்கும் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

திரைப்படத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாது, அதனை ஆக்கியும் பார்த்தல் வேண்டும் என்னும் கொள்கை இங்கிலாந்தின் உயர்தர வகுப்புகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வந்துள்ளது. அதன் மிகத் தெளிவான வடிவத்தை ஓ.சி.ஆர். என்னும் பரீட்சைச் சபை 2008 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஊடகக் கற்கைப் பாடத்திட்டத்திலே காணலாம். முதலாண்டு மாணவர், அதாவது பதினாறு பதினேழு வயதினர், காணொளித் துறையைத் தெரிவு செய்தால், புதிய புனைவுத் திரைப்படமொன்றின் தலைப்புகளையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடங்களுக்கு மேற்படாத வகையிலே தயாரித்தல் வேண்டும். தனியாகவோ, நால்வருக்கு மேற்படாத குழுவாகவோ இதனைச் செய்யலாம். இதற்குரிய 100 புள்ளிகளுள் ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் 20, ஆக்கத்துக்கு 60, முடிந்த ஆக்கத்தைத் திரும்ப நோக்கி எழுதும் மதிப்பீட்டுக்கு 20. இம்மதிப்பீடு ஏழு வினாக்களுக்கான விடைகளாக அமைந்தது. இவ்வினாக்கள் மாணவரை எங்கே இட்டுச் சென்றன, எங்கே அவர்களை நிறுத்திவிட்டன என்பதைக் குடும்பத் திரைப்படம் என்னும் ஒரு வகையை மட்டும் கொண்டு நோக்குதல் பயன்தரும்.

இத்தகைய பயிற்சிகளில் திகிலும் மர்மமும் மாணவர் பெரிதும் நாடும் வகைகள். காரணம் எளிது. இருள் ஒளியமைப்பின் குறைகளை மறைக்கும், முகத்தை மறைத்த ஓர் உருவம் நடிப்பின் குறையை மறைக்கும், உரையாடல் வேண்டுவதில்லை, பதினேழு வயதினர் பதினேழு வயதினராகவே தோன்றலாம். குடும்பத் திரைப்படத்தை எடுக்கத் துணியும் குழுவுக்கு இவ்வசதிகளுள் ஒன்றுமில்லை. பகல் வெளிச்சம் வேண்டும், ஒரு வீடு வேண்டும், ஒரு சிறு பிள்ளை வேண்டும், தாயும் தந்தையும் வேண்டும். ஆகவே இதனை எடுப்போர் எளிதான வழியை நாடியவர் அல்லர் என்பதை முதலிலே ஒப்புக்கொள்ளல் தகும்.

இவ்விடத்திலே சொல்லைப் பற்றி ஒரு தெளிவு அவசியம். தமிழிலே குடும்பப் படம் என்றதும் 'பாசமலர்' (1961) போன்ற, குடும்ப உறவுகளைப் பொருளாகக் கொண்ட படங்களே நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் அத்தொடர் குறிப்பது படத்தின் பொருளை அன்று, பார்ப்போரை. பாட்டி தொடக்கம் பேரப்பிள்ளை வரை ஒரே வரிசையிலிருந்து பார்க்கத்தக்கது எதுவோ அதுவே அங்கு குடும்பத் திரைப்படம். பிரித்தானியத் தணிக்கை முறையிலே நான்கு வயதுக்கு மேற்பட்ட யாவருக்கும் ஏற்றது எனக் கருதப்படும் 'யூ' சான்றிதழ் இதன் புற அடையாளமாகும். இவ்விரு பொருள்களும் ஒன்றுசேரும் இடங்களும் உண்டு. டிஸ்னி நிறுவனத்தின் 'த பேரன்ற் ட்ராப்' (1961) என்னும் படத்தைத் தழுவி 1965 இல் தமிழிலே 'குழந்தையும் தெய்வமும்' வெளிவந்தமையும், இரண்டிலும் பிரிந்த பெற்றோரை இரட்டைச் சிறுமியர் ஒன்றுசேர்த்தமையும் அதற்குச் சான்று. எனினும் மாணவருக்கு இடப்பட்ட சோதனை முதற்பொருளைச் சார்ந்ததன்று. வயதால் வேறுபட்ட பலரை ஒரே காட்சியினால் ஒரே வேளையில் விளித்தலே அச்சோதனை.

தேர்ந்த படங்கள் இதனை எவ்வாறு செய்கின்றன? 'மேரி பொப்பின்ஸ்' (1964) படத்திலே தலைப்புகளின்போது இலண்டன் நகரின் மேலே முகில் ஒன்றில் அமர்ந்திருக்கும் பெண் காட்டப்படுகிறாள். அதன்பின் தெருக்கலைஞனான பேர்ட் நேரே கமராவை நோக்கிப் பேசி, பார்வையாளரைச் செர்ரி மரத் தெரு 17 ஆம் இலக்க வீட்டு வாயில்வரை அழைத்து வருகிறான். அங்கே பிள்ளைகளைக் காணவில்லை. செவிலி வேலையை விட்டுப் போகிறாள். வீடு குலைந்திருக்கிறது என்னும் செய்தி வந்துசேருமுன்பே, அதனைச் சீர்செய்ய வருபவள் வானத்தில் இருப்பதைப் பார்வையாளர் கண்டுவிட்டனர். சிறுவருக்கு அச்சம் இல்லை, பெரியோருக்கு ஆர்வம் குறையவில்லை. 'ஹோம் அலோன்' (1990) வேறு வகை. பயணத்துக்கு முந்திய இரவு. வீடு நிறைய உறவினர். பொலிஸ் உடையிலே ஒருவன் வாயிலறையில் நின்று பெற்றோர் எங்கே என வினவுகிறான். அவனைக் கடந்து ஓடும் பிள்ளைகளுள் எவரும் சரியான விடை கூறவில்லை. அதே வீட்டில் எட்டு வயதுச் சிறுவன் பெட்டி அடுக்கத் தெரியாமல் உதவி கேட்டு அலைகிறான். அவனுக்கும் எவரும் விடை கூறவில்லை. கள்வனும் பிள்ளையும் ஒரே வகையாகக் கவனிப்பாரற்று நிற்கும் இத்தொடக்கத்திலேயே பின்னர் அவ்விருவரும் மோதப் போவதற்கான காரணம் கிடக்கிறது. சிறுவர் இதனைக் கலகலப்பாகக் காண்பர். பெற்றோர் குற்றவுணர்வோடு காண்பர்.

மாணவர் ஆக்கங்களிலே இத்தகைய தொடக்கங்களின் புறத்தோற்றமே பெரும்பாலும் எஞ்சிவிடுகிறது. மணிக்கூடு அலறும், ஒரு கை நீண்டு அதனை அணைக்கும், படுக்கை, பற்தூரிகை, காலையுணவு மேசை, புத்தகப்பை, கதவு. இப்படித் தொடங்குவது மாணவர் படங்களில் தேய்ந்துபோன ஒரு வழக்கம் என்பதை இத்துறை ஆசிரியர் யாவரும் அறிவர். காலை என்பது நாளின் தொடக்கம், ஆதலாற் படத்தின் தொடக்கமும் காலையே என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. ஆனால் 'ஹோம் அலோன்' படத்திலும் மணிக்கூடு உண்டு. இரவிலே மின்சாரம் தடைப்பட அது நின்றுபோகிறது. வீட்டார் பிந்தி எழும்புகின்றனர். அவசரத்திலே ஆட்களைக் கணக்கெடுக்கையில் அயல்வீட்டுப் பையன் ஒருவனும் எண்ணிக்கையிற் சேர்ந்துவிட, சொந்தப் பிள்ளை விடுபட்டுப் போகிறான். அங்கே மணிக்கூடு ஒரு காரணம். மாணவர் படத்தில் அது ஒரு பழக்கம். இவ்வேறுபாட்டைக் கண்டுகொள்வது ஒரு மீள்நோக்கின் தலையாய பணியாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் முதலாவது வினா கேட்பது வேறொன்று. உண்மையான ஊடக ஆக்கங்களின் மரபுகளை மாணவரின் ஆக்கம் எவ்வாறு பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது மறுக்கிறது என்பதே அது. வினாவிற் குறையில்லை. 'வளர்க்கிறது', 'மறுக்கிறது' என்னும் இரு சொற்களும் நல்ல விமர்சனத்துக்கு இடந்தருவன. நடைமுறையிலோ முதற்சொல்லே விடை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. பிரகாசமான ஒளி குடும்பத் திரைப்படத்தின் மரபு, ஆகவே பிரகாசமான ஒளி பயன்படுத்தப்பட்டது. மகிழ்ச்சியான இசை மரபு, ஆகவே மகிழ்ச்சியான இசை. வட்ட வடிவான எழுத்துகள் சிறுவருக்கு உகந்தவை, ஆகவே அவை. இவ்வாறு அடுக்கப்படும் விடை மீள்நோக்கு அன்று, கொள்முதற் பட்டியல். மரபை ஏன் மரபாக ஏற்றனர் என்ற வினா அங்கு எழுவதேயில்லை.

கமராவின் உயரத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் 'ஈ.ரி.' (1982) இரவுக் காட்டிலே தொடங்குகிறது. வண்டிகளில் வந்திறங்கும் மனிதரின் முகங்கள் காட்டப்படுவதில்லை. கால்கள், கைவிளக்குகளின் ஒளிக்கற்றைகள், ஒருவனின் இடுப்பிலே தொங்கிக் கலகலக்கும் சாவிக்கொத்து ஆகியனவே தெரிகின்றன. படத்தின் பெரும்பகுதியிலும் தாயைத் தவிர ஏனைய வளர்ந்தோரின் முகங்கள் இவ்வாறே மறைக்கப்படுகின்றன. பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் உலகம் இடுப்புகளாலும் சாவிகளாலும் ஆனது. இங்கே தொழில்நுட்பத் தெரிவும், பிள்ளைகளையும் பெரியோரையும் சித்திரிக்கும் முறையும், பார்வையாளரை விளிக்கும் முறையும் ஒரே செயலாக இணைந்துவிட்டன. பாடத்திட்டத்தின் வினாக்களோ இவற்றைத் தனித்தனி அறைகளிலே பூட்டின. மரபு பற்றியது ஒரு வினா, சமூகக் குழுக்களைச் சித்திரித்தல் பற்றியது மற்றொன்று, பின்னர் விநியோக நிறுவனம், பின்னர் பார்வையாளர் யார், அவர்கள் எவ்வாறு கவரப்பட்டனர் என்னும் இரு வினாக்கள், அதன்பின் தொழில்நுட்பம். தொழில்நுட்ப வினாவுக்கு வரும் மாணவன் கமராவின் பெயரையும் படத்தொகுப்பு மென்பொருளின் பெயரையும் எழுதுகிறான். கமராவை நிலத்திலிருந்து எத்தனை அடி உயரத்திலே வைத்தான் என்பதை எழுதுவதற்கு அவனுக்கு எவ்விடத்திலும் இடமில்லை. இரண்டு நிமிடப் படத்தில் அவன் எடுத்த மிகப் பாரதூரமான முடிவு அதுவாகவே இருந்திருக்கக்கூடும்.

நடிகர் பிரச்சினையும் இதனோடு தொடர்புடையது. வகுப்புத் தோழியே தாய்; தோழனே தந்தை; பிள்ளையாக வருவது எவருடையதோ தம்பி. இதனை வெறும் வசதிக் குறைவாகக் கருதி மன்னிப்புக் கோரும் தொனியிலே எழுதுவது பொதுவான போக்கு. உண்மையில் இதுவே மீள்நோக்கின் மிக வளமான விளைநிலம். பதினேழு வயதினர் குடும்பத் திரைப்படத்தின் பார்வையாளராகத் தம்மைக் கருதுவதில்லை. சிறுவருக்குரியது என அதனை அண்மையிலேதான் கைவிட்டவர்கள் அவர்கள். பெற்றோராகும் காலமும் இன்னும் வரவில்லை. தாயின் மேலங்கியை அணிந்துகொண்டு உணவு மேசையில் அமரும் மாணவி தன் தாயைப் பற்றிய ஒரு தீர்ப்பை நடித்துக் காட்டுகிறாள். எரிச்சலோடு கட்டளையிடும் தாயும் செய்தித்தாளுக்குப் பின்னே மறையும் தந்தையும் எங்கிருந்து வந்தனர் என்று வினவினால், சமூகக் குழுக்கள் பற்றிய இரண்டாவது வினாவுக்கு உயிருள்ள விடை கிடைத்திருக்கும். 'அப்' (2009) என்னும் சித்திரப்படம் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது. அதன் தொடக்கத்திலே சிறுவர் இருவரின் சந்திப்பை அடுத்து, அவர்களது மணவாழ்வு முழுவதும் உரையாடலின்றி நான்கு நிமிடமளவிற் கூறி முடிக்கப்படுகிறது. பிள்ளைக்கென அலங்கரித்த அறை, பின் மருத்துவமனை, பின் முதுமை, பின் மனைவியின் மறைவு. அப்படத்துக்கும் பிரித்தானியாவில் 'யூ' சான்றிதழே வழங்கப்பட்டது. துயரம் குடும்பத் திரைப்படத்தின் மரபுக்குப் புறம்பானது எனக் கருதிக் காலையுணவோடு நின்றுவிடும் மாணவர், தாம் பின்பற்றுவதாகக் கூறும் மரபையே முற்றாக அறியவில்லை என்று கூறுதல் கடுமையாயினும் பொருந்தும்.

ஏழாவது வினா தனித்து நோக்கற்பாலது. முதன்மை ஆக்கத்துக்கு முன்னர் மாணவர் யாவரும் ஒரு சிறு பயிற்சியைச் செய்தல் வேண்டும். ஒரு பாத்திரம் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, மற்றொரு பாத்திரத்தின் எதிரே கதிரையில் அமர்ந்து, இரண்டொரு வார்த்தை பேச வேண்டும். அசைவின் தொடர்ச்சி அறுபடாது காட்சிகளை இணைத்தல், பேசுவோரை எதிரெதிராக மாற்றிக் காட்டல், 180 பாகை விதி என்னும் மூன்றையும் பழகுவதே நோக்கம். அப்பயிற்சியிலிருந்து முழு ஆக்கம் வரை கற்றது என்ன என்பதே ஏழாவது வினா. வளர்ச்சியைக் காட்டும்படி கேட்டால் வளர்ச்சி காட்டப்படும். முன்பு கமரா ஆடியது, பின்பு ஆடவில்லை என்ற வகையிலே விடைகள் அமைவது இயல்பு. ஆயினும் குடும்பத் திரைப்படம் எடுத்த குழுவுக்கு அப்பழைய பயிற்சியிலே வேறொன்றும் காத்திருந்தது. கதவைத் திறந்து வந்து ஒருவரின் முன் அமர்ந்து பேசுதல் என்பது வீடு திரும்புதலின் மிகச் சிறிய வடிவம். வருபவர் யார், அமர்ந்திருப்பவர் யார் என்பதை மட்டும் தீர்மானித்தால் அதுவே ஒரு குடும்பத் திரைப்படத்தின் தொடக்கமாகிவிடும். லயனல் ஜெஃப்ரீஸ் இயக்கிய 'த ரெயில்வே சில்ரன்' (1970) படத்தின் தொடக்கப் பகுதியிலே நிகழ்வது இதனிலும் அதிகமன்று. வீட்டுக்கு இருவர் வருகின்றனர், தந்தையோடு பேசுகின்றனர், தந்தை அவர்களோடு போய்விடுகிறார். காரணம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை. ஓர் அறை, ஒரு கதவு, விளங்காத பேச்சு ஆகிய இவற்றைக் கொண்டே முழுப்படத்துக்கும் வேண்டிய ஏக்கம் உண்டாக்கப்படுகிறது. பயிற்சியைத் தொழில்நுட்பமாகவும் ஆக்கத்தைக் கதையாகவும் பிரித்துவைத்த வினாவமைப்பு இவ்வுறவை மாணவர் காணாதபடி செய்துவிட்டது.

இவ்வளவு குறைகள் இருந்தும், முடிந்தபின் திரும்பிப் பார்த்தலுக்கு 100 இல் 20 புள்ளிகளை ஒதுக்கிய முறை இழப்பதற்குரியதன்று. புள்ளிக்காக எழுதும்போது நேர்மை குன்றும் என்பது உண்மையே. தோல்வியை எழுதினாற் புள்ளி குறையுமோ என்ற அச்சம் எவ்வகுப்பிலும் உண்டு. ஆனால் அதற்குரிய பரிகாரம் வினாக்களைத் திருத்துவது, வினாவுவதையே கைவிடுவதன்று. 2017 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த புதிய உயர்தரப் பாடத்திட்டங்கள் செய்முறை ஆக்கத்துக்கு மொத்தப் புள்ளிகளில் 30 வீதத்தை ஒதுக்கின. குழு ஆக்கம் நீங்கி, ஒவ்வொரு மாணவரும் தனித்தே மதிப்பிடப்படலாயினர். ஏழு வினாக்களும் மறைந்தன. அவற்றினிடத்தில், ஆக்கத்தின் நோக்கங்களை விளக்கும் சிறு கூற்று ஒன்றை மாணவர் ஆக்கத்துடன் இணைத்துக் கொடுத்தல் வேண்டும். தம்பியைக் கதிரையில் ஏற்றி, தோழிக்குத் தாயின் மேலங்கியை அணிவித்து, கமராவைத் தாழ்த்துவதா உயர்த்துவதா என்று வாதிட்டுக் களைத்த பின்னர் அவ்வீட்டைப் பற்றி என்ன தெரியவந்தது என்று அவர்களை எவரும் கேட்பதில்லை.