களரியும் மேடையும்

ஒரு சமுதாயத்தின் பண்பாட்டை ஏடுகளிலும் கல்வெட்டுக்களிலும் மட்டுமே தேடுவோர் அதன் ஆடல்களைக் கணக்கிற் கொள்வதில்லை. ஈழத்துக் கற்றோரிற் பலர் பரதத்தைக் கலையென்று போற்றி, நாட்டுக்கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென்று நெடுங்காலம் ஒதுக்கியமைக்கு இந்நோக்கும் ஒரு காரணமாகும்.

மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கதைகள் பெரும்பாலும் பாரதத்தினின்றும் இராமாயணத்தினின்றும் எடுக்கப்பட்டவை. அக்கதைகள் பல நாட்டினர்க்கும் பொதுவானவை. ஆகவே, அக்கூத்தினை மட்டக்களப்பு மண்ணுக்கே உரியதாக்குவது கதையன்று, ஆட்டமே என்க. அரசனுக்கு ஒரு தாளக்கட்டு, பெண் பாத்திரத்துக்கு வேறொன்று என அமைந்திருத்தலின், வரவாட்டத்தின்போது இன்னார் வருகின்றார் என்பதை வாய் திறக்குமுன்னரே கால்கள் உணர்த்திவிடுகின்றன. மத்தள ஒலி கொண்டே அதனை அறிந்து சுவைப்போர் வட்டக்களரியைச் சூழ்ந்திருப்பர்.

இவ்வாட்டம் ஓரிரு நாளிற் கைவருவதன்று. சட்டங்கொடுத்தல் முதலாக, சதங்கையணிதல், அடுக்குப்பார்த்தல், அரங்கேற்றம் ஈறாகத் திங்கள் பல செல்லும். அண்ணாவியார் பயிற்ற, இளைஞர் பயில, ஊரவர் நாள்தோறும் வந்து பார்த்துக் குறை சொல்வர். ஆடுவோனோடு காண்போனும் கற்பது இம்மரபின் தனிச்சிறப்பாகும்.

1956 இல் சரச்சந்திரர் சிங்கள 'நாடகம்' மரபைத் தழுவி 'மனமே'யைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார். அம்மரபும் தமிழ்க் கூத்தோடு உறவுடையதே. அதே பல்கலைக்கழகத்தில் 1962 இல் கலாநிதி சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். விடியுமளவும் ஆடப்பட்ட கூத்து மிகச் சுருங்கிற்று. வட்டக்களரியின் இடத்தைப் படச்சட்ட மேடை பெற்றது.

இம்மாற்றத்தாற் கூத்து கற்றோர் அவையிற் பெருமை பெற்றது. அதனைத் தம் மரபென்று சொல்ல நாணியோர் நாணம் ஒழிந்தனர். இது சிறிய பேறன்று. ஆயினும், நாற்புறமும் சுழன்றாடிய அடிகள் ஒருபுறம் நோக்கி ஆடலாயின. ஆட்டத்தின் நுட்பம் அறிந்து குறை சொல்லும் பழைய அவைக்குப் பதிலாக, வியந்து கைதட்டும் புதிய அவை அமைந்தது.

ஆட்டத்தைக் கல்விக்கூடங்கள் கற்பிக்கலாம், காப்பாற்றவுங் கூடும். அதன் பிழையறியும் கண்ணோ ஊர்க்களரியிலேயே பயில்வது. அக்களரி ஒழியுமாயின் மேடையில் எஞ்சுவது உடையும் ஒப்பனையுமேயாம். ஆதலின், மேடைக்குத் தரும் ஆதரவிற் குறையாத ஆதரவைக் களரிக்கும் அளித்தல் இம்மரபைப் பேண விரும்புவோரின் கடனாகும்.