வில்லிசைக் குறுந்தகடுகளும் பாடபேதமும்: முத்துப்பட்டன் கதையை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தாமிரபரணிப் பகுதியின் வில்லுப்பாட்டு நிகழ்வுகள் ஒலிநாடாவை அடுத்து விசிடி, டிவிடி, எம்.பி.3 குறுந்தகடு ஆகியவற்றில் பதிவாயின. இன்றைய மடிக்கணினிகளில் தட்டியக்கி இல்லை. எனவே எக்ஸ்டெர்னல் டிவிடி டிரைவ் என்று கடைகளில் வழங்கும் வெளித் தட்டியக்கியைக் கொண்டே இப்பதிவுகளைப் பெயர்த்தெடுக்க வேண்டியுள்ளது. அப்பெயர்த்தெடுப்பு ஏடு படியெடுத்தலுக்கு நிகரான பதிப்புப்பணி என்பதை முத்துப்பட்டன் கதையின் பாடபேதத்தைக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வில்லுப்பாட்டு, முத்துப்பட்டன் கதை, குறுந்தகடு, வெளித் தட்டியக்கி, பாடபேதம்

முன்னுரை

பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அதன் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்தார். அவர் கண்ட ஏடுகள் செல்லரித்தும் முறிந்தும் இருந்திருக்கலாம். ஆயினும் எஞ்சிய எழுத்தைப் படிக்கக் கண்ணும் பயிற்சியுமே போதுமானவையாக இருந்தன. குறுந்தகடு அத்தகையதன்று. அது பழுதின்றி இருந்தாலும் கருவி இல்லையெனில் ஊமை.

1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடும் 1996இல் வந்த டிவிடியும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவுலகை ஆண்டன. 2008இல் ஆப்பிள் நிறுவனத்தின் மேக்புக் ஏர் தட்டியக்கி இல்லாமல் வெளிவந்தது. பிற நிறுவனங்களும் பின்னர் அவ்வழியே சென்றன. தமிழ்த் திரைப்பட விசிடிகளை 28 ரூபாய்க்கு விற்று வீடுதோறும் கொண்டுசேர்த்த மோசர் பேயர் நிறுவனம் 2018இல் கலைப்புக்கு உள்ளானது. பதிவு செய்யத்தக்க புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியுடன் நிறுத்தியது. ஆக, தட்டும் அதைப் படிக்கும் கருவியும் ஒருசேர மறைந்து வருகின்றன. இம்மறைவு திரைப்படத்தைப் பெரிதும் பாதிக்காது. அதற்கு வேறு படிகள் உண்டு. ஓர் ஊர்க் கோயிலின் கொடைவிழாவுக்கு எடுத்த பதிவுக்கோ சில தட்டுகளே மொத்த இருப்பு.

தட்டின் அளவும் கதையின் அளவும்

வில்லுப்பாட்டு காப்பில் தொடங்கி, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதைக்கூறு, வாழி என நகர்வது. கோயிற்கொடையில் இது இரவு முழுதும் நீளும். கதைப்போக்கைப் புலவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. சாமியாடிக்கு அருள் வரும் தருணத்தில் கதை நிற்கும். உடுக்கையும் குடமும் முன்னுக்கு வரும். தெய்வமான மனிதரின் சாவைப் பாடும் இடமே சடங்கின் மையம் என்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டினார்.

விசிடி 74 முதல் 80 நிமிடம் வரையே ஏற்கும். அதனால் இரவு முழுதும் நீண்ட நிகழ்வு பாகம் பாகமாக உடைந்தது. எங்கே உடைப்பது என்பதைப் பதிவாளர் முடிவு செய்தார். சாவுப் பகுதியை ஒரே தட்டில் அடக்கவேண்டுமானால் நாட்டுவளம் சுருங்க வேண்டும். அருள்வரும் நேரத்தை முழுமையாக வைத்தால் கதைக்கூறு குறைய வேண்டும். எம்.பி.3 தட்டின் நிலை வேறு. 700 மெகாபைட்டில், வினாடிக்கு 128 கிலோபிட் வீதத்தில், ஏறத்தாழ பன்னிரண்டு மணிநேர ஒலி அடங்கும். நேரம் பற்றிய நெருக்கடி அங்கு இல்லை, காட்சியும் இல்லை. ஆகவே எத்தட்டில், எத்தனையாம் பாகத்தில், எங்கே வெட்டப்பட்டு ஒரு பாடல் கிடைக்கிறது என்பது அப்பனுவலின் வரலாற்றைச் சேர்ந்தது.

முத்துப்பட்டன்: ஒரு பாடபேதம்

பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில், தாமிரபரணிக் கரையில் அமைந்த சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக வழிபடப்படுகிறான். அவனுக்குச் செருப்பு காணிக்கையாகச் செலுத்தப்படுகிறது. பிராமணனான அவன், சக்கிலியர் என்று கதை குறிக்கும் அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகளிரான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தான். ஆநிரை கவர்ந்தோருடன் பொருது மாண்டான். மனைவியர் அவனுடன் தீப்புகுந்தனர்.

நா. வானமாமலை 1971இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக இக்கதையைப் பதிப்பித்தார். அப்பெண்கள் பிராமணக் குலத்தில் பிறந்து, கைவிடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பட்டவர்கள் என்று சொல்லும் வடிவமும் வழக்கில் உண்டு. இதை அவர் பிற்காலச் சேர்க்கையாகக் கருதினார். சேர்க்கையின் பயன் தெளிவு: பெண்கள் பிறப்பால் பிராமணர் என்றால் சாதி மீறல் நிகழவே இல்லை என்றாகிவிடும். கதை நிற்கும் அடித்தளமே அங்குப் பறிபோகிறது.

எனவே ஒரு குழு, ஓர் ஊரில், ஒரு கொடையில் இப்பிறப்புச் செய்தியைப் பாடியதா, விட்டதா என்பது பாடபேதச் சான்றாகும். யாருடைய கோயிலில் எவ்வடிவம் பாடப்பட்டது என்ற வினாவுக்கு அச்சுப் பதிப்பு விடை தராது. கொடைப் பதிவுகளே விடை தரக்கூடியவை. புகழ்பெற்ற ஒரு வடிவம் மட்டும் இணையத்தில் நிலைத்து, ஊர்ப்பதிவுகள் படிக்கப்படாமல் அழிந்தால், எவ்வடிவம் எஞ்சுகிறதோ அதுவே மூலம் என்று நாளை ஏற்கப்படும்.

பெயர்த்தெடுப்பில் நேரும் இழப்புகள்

வெளித் தட்டியக்கி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் எளிய கருவி. யூ.எஸ்.பி. வடத்தின் வழியே தரவும் மின்சாரமும் பெறுவது. யூ.எஸ்.பி. 2.0 துளை முறைப்படி தரும் மின்னோட்டம் 500 மில்லியாம்பியர். தட்டு சுழலத் தொடங்கும் வேளையில் இயக்கி அதனினும் மிகுதியாகக் கேட்கக்கூடும். இரண்டு முனை கொண்ட வடம் சில இயக்கிகளுடன் வருவது அதனால்தான். மின்சாரம் போதாமல் தயங்கும் இயக்கியைக் கண்டு தட்டே பழுது என ஒதுக்குவது முதல் இழப்பு.

இரண்டாவது, கோப்பை இழுத்துப் போடும் பழக்கத்தால் வருவது. ஒலிக்குறுந்தகட்டில் கோப்புகளே இல்லை. விண்டோஸ் கணினி காட்டும் சி.டி.ஏ. கோப்பு ஒவ்வொன்றும் 44 பைட் அளவுள்ள சுட்டி மட்டுமே. அவற்றைப் படியெடுத்து, தட்டை எறிந்தவரிடம் பாடல் எஞ்சாது.

மூன்றாவது, விசிடிக்கு உரியது. தரவுத் தட்டின் ஒரு பிரிவு 2048 பைட் தரவை ஏற்கும். விசிடியின் காட்சிப் பகுதியோ 2324 பைட் ஏற்கும். பிழைதிருத்தக் குறிகளை விட்டுக்கொடுத்துப் பெற்ற இடம் அது. ஆகவே கீறல் விழுந்த விசிடியில் சாதாரணப் படியெடுப்பு இடையில் நின்றுவிடும். ஐ.எஸ்.ஓ. வடிவப் படிமமும் இத்தட்டுகளை முழுமையாக ஏற்காது. பிரிவுகளை உள்ளபடியே எடுக்கும் பின்–கியூ வடிவமே பொருந்தும்.

நான்காவது, தட்டின் மேல்முகத்தைப் பற்றியது. குறுந்தகட்டின் ஒளி எதிரொளிக்கும் படலம் எழுத்துள்ள பக்கத்தை ஒட்டி, மெல்லிய பூச்சின் கீழே உள்ளது. அப்பக்கக் கீறல் அடிப்பக்கக் கீறலைவிடக் கேடு மிக்கது. அம்முகத்தில்தான் ஊர், கோயில், குழு, ஆண்டு ஆகியவை மைப்பேனாவால் எழுதப்பட்டிருக்கும். ஏட்டின் இறுதியில் படியெடுத்தவர் எழுதும் குறிப்புக்கு இது நிகர். ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு இதை விடுவது முகவரி கிழித்த கடிதத்தைப் பேணுவது போன்றது.

இணையப் பதிவேற்றம் போதுமா

ஊரார் பலர் கொடைப் பதிவுகளை இணையத்தில் ஏற்றியுள்ளனர். பரவலுக்கு இது பெருந்துணை, பாதுகாப்புக்கு ஈடாகாது. ஏற்றப்படும் காட்சி மீண்டும் சுருக்கப்படுகிறது. பாகங்கள் ஒட்டப்படுகின்றன அல்லது சுவையான பகுதி மட்டும் தனியே வெட்டப்படுகிறது. கணக்கு நீங்கினால் பதிவும் நீங்கும். காப்பு, நாட்டுவளம், வாழி ஆகியவை முதலில் கழிபவை.

பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் போன்ற நிறுவனங்களுக்கு இதில் முதன்மைப் பொறுப்பு உண்டு. ஆனால் சட்டம் முழுத்துணை செய்வதாக இல்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் எண்ணிமம் அல்லாத படி இருந்தால் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. குறுந்தகடோ பிறப்பிலேயே எண்ணிமம். விற்பனைக்கு வந்த வில்லிசைத் தட்டுகளுக்கு இவ்விலக்கு தெளிவாகப் பொருந்தவில்லை. அருள் வந்து ஆடியவர்களின் உருவம் பதிவில் இருப்பதால் ஊராரின் இசைவும் தேவை.

முடிவுரை

குறுந்தகட்டை முதலில் உள்ளபடியே முழுப் படிமமாக எடுத்தல், மேல்முகத்தையும் உறையையும் ஒளிப்படம் எடுத்தல், ஊர், கோயில், குழு, நாள் ஆகியவற்றை ஊராரிடம் கேட்டு எழுதுதல், அதன் பின்னரே கேட்பதற்கான எளிய கோப்பை உருவாக்குதல் என்னும் வரிசை ஆய்வாளர்க்கு உரியது. வரிசை மாறினால் முதற்படியே திருத்திய பதிப்பாகிவிடும். குறுந்தகட்டை மேற்கோளாகக் காட்டும் ஆய்வேடுகளும் தட்டின் வகை, பாகம், நிமிடம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

வெளித் தட்டியக்கி இடைக்காலக் கருவி. அதுவும் சந்தையிலிருந்து நீங்கும் நாள் வரும். பொம்மக்காவும் திம்மக்காவும் எக்குலத்து மகளிராகப் பாடப்பட்டனர் என்பதற்கான ஊர்ச்சான்றுகள் அதற்குள் படிக்கப்பட வேண்டும்.